மிலிட்டரிக்காரர் சைக்கிள் கடையை யார் பேருக்கு எழுதுவது?

வேலூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரிலிருந்து 46 வயது வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா 1966ல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தவர். வெலிங்டனில் பயிற்சி, அப்புறம் 1971 டிசம்பர் போரில் மேற்கு முனையில் ஷகர்கர் பகுதி. பக்கத்தில் ஷெல் விழுந்ததிலிருந்து இடது காது கேட்காது. 15 வருட சர்வீஸ் முடித்து 1981ல் நாயக் ரேங்க்கில் பென்ஷனோடு ஊர் வந்தவர், அடுத்த வருடமே பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து, மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் விட ஆரம்பித்தார். வாடகை சைக்கிள் காலம் போனபின் பஞ்சர், ஓவராயில், உதிரி பாகம், இப்போது பிள்ளைகளின் கியர் சைக்கிள் என்று கடை காலத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே வந்திருக்கிறது. போர்டில் வேறு பெயர் இருந்தாலும் ஊரில் அது 'மிலிட்டரிக்காரர் கடை'தான்.

ராணுவ ரெக்கார்டுப்படி அப்பாவுக்கு 79 வயது, வீட்டுக் கணக்கில் 81. அம்மாவுக்கு 70. அண்ணன் ஓசூரில் இருக்கிறார். வாசகி கணவரைப் பிரிந்து ஒன்பது வருடமாகப் பெற்றோரோடு இருக்கிறார், கடைக் கணக்கும் அவர் கையில்தான். விவாகரத்து வாங்கவில்லை. இந்தப் பொங்கலுக்கு வந்த அண்ணன், அப்பா சம்பாதித்துக் கட்டிய வீட்டையும் கடையையும் தன் பேருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்ல, அப்பா "சரி, சரி" என்று தலையாட்டியிருக்கிறார். இதற்கிடையில் கடைக் கட்டடத்தின் உரிமையாளர் இறந்துவிட, அவருடைய மகன் மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்கிறார். வாடகைக்கு எழுத்தில் எதுவும் இல்லை. அப்பா சமீபமாகக் கேட்டதையே கேட்கிறார், சில்லறையை மாற்றிக் கொடுக்கிறார். "மனநிலை சரியில்லை என்று டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால் அண்ணன் எழுதி வாங்குவதைத் தடுக்கலாமா, இல்லை நானே ஒரு பவர் வாங்கிக்கொள்ளட்டுமா, 44 வருடம் இருந்த கடை எங்களுக்கே சொந்தம் என்கிறார்களே, அப்பாவுக்குப் பிறகு பென்ஷன் எனக்கு வருமா, பேசாமல் கடையையே மூடிவிடலாமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் அண்ணன் என்ன நினைக்கிறார், கட்டடக்காரர் என்ன நினைக்கிறார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதெல்லாம் விவரமாக இருக்கிறது. அப்பா என்ன சொல்கிறார் என்பது மட்டும் இல்லை, அந்த "சரி, சரி" தவிர. வீடும் கடையும் பென்ஷனும் அவருடையவை, அவர் உயிரோடு இருக்கிறார், தினமும் கடைக்கு வருகிறார். அதனால் கீழே நான் சொல்லும் ஒவ்வொன்றும் அவர் காதில் விழுந்து, அவருக்குப் புரிந்து, அவர் விருப்பப்படி நடக்க வேண்டியவை. உங்களுக்காகவோ அண்ணனுக்காகவோ அவரிடம் கையெழுத்து வாங்கும் வேலையாக இதை ஆக்கிவிடாதீர்கள்.

உடனடியாக ஒன்று சொல்கிறேன். அடுத்த சில வாரங்களுக்கு அப்பா எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். வெற்றுத்தாளிலோ வெறும் முத்திரைத்தாளிலோ கைநாட்டு, கையெழுத்து எதுவும் கூடவே கூடாது. யார் கேட்டாலும் "வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுகிறேன்" என்று அவரே சொல்லட்டும்.

மறதியா, காது கேட்காததா?

மனநிலை சரியில்லை என்று சான்றிதழ் வாங்கும் எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அண்ணனைத் தடுக்க என்று நீங்கள் வாங்கும் அந்தக் காகிதம் நாளைக்கு அப்பா எழுதும் உயிலையும் சேர்த்து அடித்துவிடும். உயில் செல்ல வேண்டுமானால் எழுதும் நேரத்தில் எழுதுபவர் தெளிந்த மனதோடு இருக்க வேண்டும் என்பது இந்திய வாரிசுரிமைச் சட்டம். "இவருக்குப் புத்தி சரியில்லை" என்று வீட்டாரே வாங்கி வைத்த சான்றிதழை எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்டில் எடுத்து நீட்டினால் உங்களிடம் பதில் இருக்காது.

நீங்களே எழுதிய ஒரு விஷயத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வீல் பென்ட் எடுக்கும்போது அப்பா முன்பெல்லாம் ஸ்போக்ஸை விரலால் சுண்டிப் பார்ப்பார், அந்தச் சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது, எது இறுகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார், இப்போது அது கேட்பதில்லை என்பதால் பிரேக் கட்டை பக்கத்தில் கட்டைவிரலை ஊன்றி வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிட்டு, ரிம் எந்த இடத்தில் நகத்தில் உரசுகிறது என்று பார்த்து ஸ்போக்ஸ் முனையிலிருக்கும் நிப்பிளைத் திருகுகிறார், ஒரு சக்கரமும் இதுவரை திரும்பி வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது புத்தி மழுங்கிய மனிதரின் வேலையாக எனக்குத் தெரியவில்லை. ஒரு வழி அடைபட்டதும் இன்னொரு வழியைத் தானாகக் கண்டுபிடித்திருக்கிறார். இடது காது போரிலேயே போய்விட்டது, வலது காதும் வயதில் மங்குகிறது. காது மங்கியவர்கள் கேட்காததை மறுபடி மறுபடி கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிடுவார்கள். பொங்கலன்று அண்ணன் கேட்டது அப்பா காதில் எவ்வளவு விழுந்தது என்று யாராவது பார்த்தீர்களா? கேட்டதையே திரும்பக் கேட்பதற்கும் சில்லறை மாறுவதற்கும் காதும் கண்ணும்கூடக் காரணமாக இருக்கலாம். உண்மையிலேயே மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம், அதை நான் சொல்ல முடியாது. முதலில் காது, கண் பரிசோதனை, பிறகு நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் ஒரு முறையான நினைவாற்றல் பரிசோதனை என்ற வரிசையில் போங்கள். ஆரம்ப நிலை மறதி என்றே வந்தாலும் உயில் எழுதும் தகுதி உடனே போய்விடுவதில்லை. ஆனால் காலம் தாழ்த்தக் கூடாது என்பது மட்டும் உறுதியாகிவிடும்.

அப்பா கேண்டீன் கார்டோடு நின்றுவிட்டார், ஈசிஎச்எஸ் எடுக்கவே இல்லை, "இனிமேல் பணம் கட்டி எதற்கு" என்று விட்டுவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்னாள் படைவீரர்களுக்கான அந்த மருத்துவத் திட்டம் வந்தது 2003ல். 1996க்கு முன் ஓய்வு பெற்ற பென்ஷன்காரர்கள் அதற்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை, உங்கள் அப்பா வந்தது 1981ல். இப்போதும் விண்ணப்பிக்கலாம். அம்மாவுக்கும் கார்டு கிடைக்கும். காது கேட்கும் கருவியும் அதில் வரும். இத்தனை வருடம் மருந்துக்குக் கைக்காசு கொடுத்திருக்கிறீர்களே என்று படிக்கும்போதே மனசு ஆறவில்லை.

பவர் வாங்குவது பற்றி: பவர் பத்திரம் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்துவிட்டால் அதுவும் செல்லாது, இறந்துவிட்டாலும் செல்லாது. எந்த நாளுக்காக நீங்கள் பயந்து வாங்குகிறீர்களோ அந்த நாளில் அது உங்கள் கையில் வெறும் காகிதம். பேங்குக்கும் ஆபீசுக்கும் அலைவதற்கு வேண்டுமானால் உதவும், அவ்வளவுதான்.

வீடு

இதில் நீங்களும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெண்ணுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டதே, அப்பா நினைத்தாலும் என்னை விட்டுவிட்டு எழுத முடியாது என்பது உங்கள் நினைப்பு. அந்தப் பிறப்புரிமை பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்துக்குத்தான். அப்பா பட்டாளத்துக் காசிலும் கடை வருமானத்திலும் வாங்கிக் கட்டிய வீடு அவருடைய சுயசம்பாத்தியம், அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். மகன் என்பதால் தனக்குத்தான் வரும் என்பது அண்ணன் நினைப்பு, அதுவும் தப்பு. எதுவும் எழுதாமல் அப்பா காலமானால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சரிசமமாகப் போகும்.

அண்ணன் கேட்பது தான செட்டில்மென்ட். நம் ஊர்ப் பக்கம் இதை உயிலைப் போலவே சாதாரணமாக நினைக்கிறார்கள். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிலும் அதிகபட்சம் 40,000 ரூபாய் என்பதால் செலவும் பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் அது பதிவானதும் அன்றைக்கே வீடு கைமாறிவிடும். பிறகு மனசு மாறி, கொடுத்தவர் தானாகவே சார்பதிவாளர் ஆபீசில் போய் ரத்து செய்துவிட முடியாது. உயில் அப்படி இல்லை, கடைசி மூச்சு வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், அவர் இருக்கும்வரை வீடு அவருடையது.

என் கருத்தைக் கேட்டால், 79 வயதில், 70 வயது மனைவி இருக்கும்போது, ஒருவர் குடியிருக்கும் ஒரே வீட்டை யாருக்கும் செட்டில்மென்ட் எழுதக் கூடாது. மகனுக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். அப்பா உயில் எழுதட்டும். அம்மா இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்க உரிமை, அப்புறம் யாருக்கு எவ்வளவு என்று அவர் வாயால் சொல்வதை எழுதுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயம் இல்லை, ஆனால் உங்கள் வீட்டு நிலைமைக்குப் பதிவு செய்துவிடுவது நல்லது. இரண்டு சாட்சிகள், இருவரும் சொத்தில் பங்கு வராதவர்கள், அப்பாவைவிட வயது குறைந்தவர்களாகப் பாருங்கள். அன்றைய தேதியில் டாக்டரிடம் அவர் தெளிவாக இருக்கிறார் என்று ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்க நினைத்ததற்கு நேர் எதிரான சான்றிதழ் இது. வாசித்துக் காட்டும்போது வலது காதுப் பக்கம் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், முடிந்தால் பெரிய எழுத்தில் அச்செடுத்து அவரே படிக்கட்டும். அந்த அறையில் நீங்களும் இருக்க வேண்டாம், அண்ணனும் இருக்க வேண்டாம்.

இத்தனையும் சொன்ன பிறகும் அப்பா "மகனுக்கு எழுதத்தான் செய்வேன்" என்றால் அது அவர் உரிமை. அப்போது பத்திரத்தில் இரண்டு வாசகங்கள் கட்டாயம் வேண்டும். பெற்றோர் இருவருக்கும் ஆயுள்காலம் வரை அனுபவ உரிமை என்பது ஒன்று, பெற்றோரைப் பராமரிக்கும் நிபந்தனையின் பேரில்தான் இந்தச் செட்டில்மென்ட் என்பது இன்னொன்று. மூத்த குடிமக்கள் சட்டம் 2007ன் 23ஆம் பிரிவுப்படி, பார்த்துக்கொள்ளும் நிபந்தனையோடு எழுதி வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். நிபந்தனை எழுத்தில் இல்லாமலே பாசத்தை வைத்து ரத்து செய்த தீர்ப்புகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் உண்டு, நிபந்தனை இருந்தே ஆக வேண்டும் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் உண்டு. அந்த இழுபறியில் உங்கள் பெற்றோர் மாட்ட வேண்டாம், எழுத்திலேயே இருக்கட்டும்.

கடை

44 வருடம் இருந்தால் சொந்தமாகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வாடகை கொடுத்து இருப்பவர், கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் "கட்டடம் உங்களுடையது" என்று ஒப்புக்கொள்கிறார் என்றுதான் சட்டம் பார்க்கிறது. எத்தனை தலைமுறை இருந்தாலும் வாடகைதாரர் வாடகைதாரர்தான். இந்தப் பேச்சைக் கட்டடக்காரர் மகனிடம் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டால், உரிமையையே மறுக்கிறார்கள் என்று அதையே காரணமாக்கி அவர் வழக்குப் போடுவார்.

அதே நேரம், "மூன்று மாதத்தில் காலி பண்ணு" என்று வாயால் சொன்னால் காலி பண்ண வேண்டியதில்லை. பூட்டுப் போடவோ கரண்டை நிறுத்தவோ அவருக்கு உரிமை கிடையாது, வாடகை நீதிமன்ற உத்தரவு வேண்டும். உங்கள் பக்கத்து ஓட்டை என்னவென்றால், தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டம் எல்லா வாடகையும் எழுத்து ஒப்பந்தமாக இருக்க வேண்டும் என்கிறது. பழைய வாய்ப்பேச்சு வாடகைகளும் இதில் அடக்கம். ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவில்லை என்பதே கட்டடத்தைத் திரும்பக் கேட்க ஒரு காரணம். பழைய சட்டம் கொடுத்த பாதுகாப்பை நினைத்து நிறைய சின்னக் கடைக்காரர்கள் இன்னும் தைரியமாக இருக்கிறார்கள், அந்தச் சட்டம் இப்போது இல்லை.

அதனால் சண்டைக்குப் போகாமல் பேச்சுக்குப் போங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. அந்த மகனுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் வாடகை ஏற்றம்தான் விஷயமாக இருக்கும். நீங்கள் கொடுக்கும் 4,500 ரூபாய் வாடகை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இன்று மிகக் குறைவு, அதை நீங்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நியாயமாக ஏற்றிக்கொடுத்து மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் சார்பதிவாளர் ஆபீசில் பதிவு வேண்டும், அதோடு வாடகை அதிகாரியிடமும் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வாடகைதாரர் என்று அப்பாவோடு உங்கள் பெயரும் சேரட்டும், கடையை ஓட்டுவது நீங்கள்தானே. இந்த மாதத்திலிருந்தே வாடகையைக் கையில் கொடுக்காமல் பேங்க் மூலம் அனுப்புங்கள். அவர் வாங்க மறுத்தால் அதையும் பதிவில் கொண்டுவர வழி இருக்கிறது, அப்போது ஒரு உள்ளூர் வக்கீலைப் பாருங்கள்.

இனி 'கடையை எழுதிக் கொடுப்பது'. கட்டடம் வாடகை, அப்புறம் எழுதிக் கொடுக்க என்ன இருக்கிறது என்று யோசித்தீர்களா? சரக்கு, சாமான், வரவேண்டிய பாக்கி, கடைக்கு இருக்கும் பெயர், அவ்வளவுதான். தனியாள் நடத்தும் கடைக்குச் சட்டத்தில் தனி உயிர் இல்லை. அப்பா பெயரிலுள்ள லைசென்ஸ், ஜிஎஸ்டி, கரண்ட் அக்கவுன்ட் எல்லாம் அவரோடு நின்றுவிடும். நாளைக்கு அவர் இல்லையென்றால் கடைப் பணம் பேங்கில் முடங்கும், சரக்குக்கு மூன்று வாரிசுகள். அப்பாவுக்குச் சம்மதம் என்றால் அவரும் நீங்களும் பங்குதாரர்களாக ஒரு கூட்டு ஒப்பந்தம் போடுங்கள். ஒருவர் காலமானால் மற்றவர் எப்படி நடத்துவது, அவர் பங்குக் கணக்கை வாரிசுகளுக்கு எப்படித் தீர்ப்பது என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம். ஜிஎஸ்டி பதிவையும் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவையும் உங்கள் ஆடிட்டர் புது நிறுவனத்தின் பேருக்கு எடுத்துக் கொடுப்பார். ஒன்பது வருடமாகச் சம்பளம் என்று எதுவும் எடுக்காமல் கடையில் உழைக்கிறீர்கள், எந்தக் காகிதத்திலும் உங்கள் பெயர் இல்லை. அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அவர் கண்ணில் உங்கள் உழைப்பு தெரிகிற மாதிரி எங்கேயும் பதிவாகவில்லை என்கிறேன்.

பென்ஷனில் பார்க்க வேண்டியவை

அம்மாவின் பெயர்தான் முதலில். ராணுவ ரெக்கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே அதிகம் கவலை தந்த வரி அதுதான். அப்பாவின் காலத்துக்குப் பிறகு அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வர வேண்டும் என்றால் பென்ஷன் உத்தரவான பிபிஓவில் இருக்கும் மனைவியும் ஆதாரில் இருக்கும் மனைவியும் ஒருவரே என்று தெரிய வேண்டும். அப்பா இருக்கும்போது அவர் கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தால் இது சாதாரணத் திருத்தம், அவருக்குப் பிறகு அம்மா தனியாக அலைந்து நிரூபிக்க வேண்டிய காரியம். டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, இருவர் ஆதார், கல்யாணத்துக்கு இருக்கும் ஏதாவது சான்று, நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் இவற்றோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள், வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்ப வேண்டியதை அவர்கள் வழிகாட்டுவார்கள். திருத்தம் ஆனபின் ராணுவ பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் அது ஏறியிருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள். அம்மாவுக்கு வருவது அப்பா இப்போது வாங்கும் தொகை அளவுக்கு இருக்காது, குறையும். அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயது விஷயம். 80 முடிந்தால் அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடும், 85ல் 30, 90ல் 40 என்று ஏறும். "உண்மையில் 81 ஆகிவிட்டதே, கேட்கலாமா?" என்கிறீர்கள். அன்று பட்டாளத்தில் சேரும்போது எழுதிய பிறந்த தேதிதான் கணக்கு, இத்தனை வருடம் கழித்து அதை மாற்ற வழியில்லை. ஆதாரில் 1945 என்று இருந்தால் அதை டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கும் 1947க்கு ஒத்துப்போகிற மாதிரி திருத்துவதுதான் புத்திசாலித்தனம். இல்லையென்றால் வருடாந்திர ஆயுள் சான்றிதழுக்கே ஒருநாள் சிக்கல் வரும்.

முன்னாள் படைவீரர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் உதவி என்று வாட்ஸ்அப்பில் வந்ததாக எழுதியிருந்தீர்கள், அது உண்மைதான், 4,000 ஆக இருந்ததை 2025 நவம்பர் முதல் இரட்டிப்பாக்கினார்கள். ஆனால் அது பென்ஷன் இல்லாமல் வெளியே வந்த, 65 வயது கடந்த, ஹவில்தார் ரேங்க் வரையிலான வறிய படைவீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும். உங்கள் அப்பாவுக்கு வராது. ஆனால் அவருடன் சேர்ந்து சில வருடத்திலேயே வந்துவிட்ட பக்கத்து ஊர் நண்பர் கூலி வேலை செய்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அவருக்குப் பொருந்தலாம். நல அலுவலகம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

காதுக்கு ஊனமுற்றோர் பென்ஷன் கேட்கலாமா என்றால், போரில் போனது என்பது மட்டும் போதாது. 1981ல் வெளியே வரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனையில் காதுக் குறை பதிவாகியிருக்கிறதா, எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பொதுவாக 20 சதவீதமாவது வேண்டும். அந்த ஆவணங்களின் நகலை ரெக்கார்ட் ஆபீசில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பதிவாகியிருந்தால் வலுவான வழக்கு: சேரும்போது நல்ல உடல்நிலையில் இருந்தவருக்குச் சர்வீசில் வந்த குறையைச் சர்வீசால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2013ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. தாமதம் முழுத் தடையாகாது, ஆனால் நிலுவை என்று கிடைப்பது பெரும்பாலும் மூன்று வருடத்துக்குத்தான். முழு ஆரோக்கியம் என்று எழுதி அனுப்பியிருந்தால் நேரத்தையும் பணத்தையும் அதில் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

உங்களுக்குப் பென்ஷன் வருமா என்று கேட்டிருந்தீர்கள். பெற்றோர் இருவருக்கும் பிறகு, விதவை மகளுக்கும் விவாகரத்தான மகளுக்கும் குடும்ப பென்ஷன் உண்டு, வருமான வரம்புக்கு உட்பட்டு. பிரிந்து வாழும் மகளுக்கு இல்லை. ஒன்பது வருடம் ஆனாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் கணவர் உள்ள பெண். அப்பாவோ அம்மாவோ இருக்கும்போதே விவாகரத்து கிடைத்திருக்க வேண்டும், அல்லது குறைந்தபட்சம் அவர்களில் ஒருவர் இருக்கும்போதே வழக்காவது தாக்கலாகியிருக்க வேண்டும். இருவருக்கும் பிறகு தாக்கல் செய்தால் பயனில்லை. கடை பங்குதாரராகி வருமானம் வரம்பைத் தாண்டினாலும் இந்தப் பென்ஷன் கிடைக்காது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் ஓடுகிற கடைதான் உங்களுக்கு நல்லது. பென்ஷனுக்காக மட்டும் விவாகரத்துக்குப் போங்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் முடிந்துபோன உறவு என்று உங்கள் மனசுக்குத் தெரிந்திருந்தால் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. படைவீரர் குடும்பங்களுக்கென்றே தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2025ல் தொடங்கிய திட்டத்தில் முன்னாள் படைவீரர் வாரியங்களில் சட்ட உதவி மையங்கள் வருகின்றன, நல அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

மூடலாமா?

இது சட்டக் கேள்வி இல்லை, ஆனாலும் கேட்டிருக்கிறீர்கள். கடை நஷ்டத்தில் இல்லை. பிள்ளைகள் சைக்கிள் விற்கிறது, ரிப்பேர் வருகிறது, 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கும் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாக இறங்கியதில் வியாபாரம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மூட நினைப்பது அப்பாவின் வயதுக்காக மட்டும். 24 வயதில் போர்முனையில் நின்று, 34 வயதில் புதிதாகத் தொழில் கற்றுக்கொண்டு, வாடகை சைக்கிள் செத்தபோது கடையைச் சாகவிடாமல் காப்பாற்றியவர் அவர். கல்லாவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், யூபிஐ பலகையை முன்னால் வையுங்கள், சில்லறைப் பிரச்சினை பாதி தீரும். பாரம் தூக்குவதற்கும் பஞ்சருக்கும் ஒரு பையனை வையுங்கள். காலையில் பத்து மணிக்கு வந்து மதியச் சாப்பாட்டுக்குப் போகட்டும், வீல் வேலை மட்டும் அவருக்கு வையுங்கள். வேண்டாம் என்று அவரே சொல்லும் நாளில் நிறுத்திக்கொள்ளலாம்.

அண்ணனுக்கு இந்தப் பதிலையே அனுப்பிவிடுங்கள், உங்களுக்குச் சாதகமில்லாத பகுதிகளையும் சேர்த்து. காதுக் கருவி வாங்கிப் போட்டு இரண்டு வாரம் பழகிய பிறகு அவரை ஓசூரிலிருந்து வரச்சொல்லி, வீட்டைப் பற்றி அப்பாவிடம் மறுபடி கேட்கச் சொல்லுங்கள். அப்போது அப்பா என்ன பதில் சொல்கிறாரோ அதை வைத்து உயிலை எழுதலாம்.